காற்றும் மழையும் குளிருமான நாளில் பறவை பார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலத்தில் பறவை பார்ப்பவர்கள் பலரும் வானம் தெளிந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள். காற்று சீறி, மழை சாய்வாக அடித்து, விரல்கள் மரத்துப்போகும் நாள்களைப் பற்றிப் புதியவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நாளில் ஒரு பறவை உயிரோடு இருப்பதே வரவு செலவுக் கணக்குதான்: தின்றது வரவு, இழந்த வெப்பம் செலவு. எங்கே நிற்பது, எப்போது போவது, எவ்வளவு நெருங்குவது என்ற எல்லாவற்றுக்கும் விடை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த மாதிரி நாளில் வெளியே போய் என்ன பயன்?

நல்ல நாளில் நாலாபுறமும் சிதறிக் கிடக்கும் பறவைகளை மோசமான வானிலை சில இடங்களில் கொண்டுவந்து சேர்க்கிறது. ஏரி நடுவே கரும்புள்ளிகளாகத் தெரிந்த வாத்துகள் காற்று மறைவான கரைக்கு ஒதுங்கும். நடுக்கடலிலேயே காலம் கழிக்கும் பறவைகள் நிலமுனைகளை ஒட்டிப் பறக்கும். குளங்கள் உறைந்துவிட்டால் உறையாத ஓடைக்கும் ஊற்றுக்கும் வேறு வழியில்லாமல் வந்து சேரும். இடம் தெரிந்தவருக்கு வெயில் நாளைவிட இது நல்ல நாள்.

ஆனால் எல்லா மோசமும் ஒரே வகை அல்ல. தூறலும் நடுத்தரக் காற்றும் பிரச்சினையே இல்லை. காற்றின் வலிமையை எண்ணால் குறிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் 6 என்பது மணிக்கு 39 முதல் 49 கி.மீ. வேகக் காற்று, பெரிய கிளைகள் ஆடும், குடை பிடிப்பது கடினம். அதுவரை போகலாம். 7-ல் முழு மரங்களே ஆடும், 8-ல் சுள்ளிகள் முறிந்து விழும். 7-ஐத் தொட்டாலே மரங்களுக்கு அடியில் போகாதீர்கள். இடைவிடாத பெருமழையில் போவது வீண். பறவையும் அசையாது, உங்கள் பைனாகுலரும் தெளியாது.

இவ்வளவு சிறிய உடம்பு அந்தக் குளிரை எப்படித் தாங்குகிறது?

பெரும்பாலான பறவைகளின் உடல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். சிறு பறவைகளில் 42 வரைகூடப் போகும். வெளியே உறைநிலை இருந்தாலும் உள்ளே அந்தச் சூட்டைக் காக்க வேண்டும். உடல் சிறியதாக ஆக, எடையோடு ஒப்பிடும்போது தோல்பரப்பு கூடும். வெப்பம் அவ்வளவு வேகமாக வெளியேறும். ஐந்தாறு கிராம் மட்டுமே எடையுள்ள கோல்ட்கிரெஸ்ட் என்ற குருவி ஐரோப்பியக் குளிர்காலத்தைக் கடப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை.

முதல் கருவி இறகு. இறகைச் சிலிர்த்து உப்பிக்கொள்ளும்போது இறகுகளுக்கு இடையே காற்று சிறைப்படுகிறது. குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுப் படலம். மழையில் இறகு நனைந்து ஒட்டிக்கொண்டால் படலம் குலைந்துபோகும். பலத்த காற்றும் இறகைப் பிரித்துவிடும். அதனால்தான் பறவைகள் காற்று வரும் திசைக்கு முகம் காட்டி உட்காருகின்றன. அப்போது இறகுகள் படிந்தே இருக்கும். வறண்ட கடுங்குளிரைவிட, நனைக்கும் மழையும் காற்றும் கலந்த மிதமான குளிர் ஒரு சிறு பறவைக்குக் கொடுமையாக இருக்கலாம்.

இரண்டாவது கருவி நடுக்கம். பறப்பதற்கான பெரிய மார்புத் தசைகளே நடுங்கி வெப்பம் தருகின்றன. மூன்றாவது, கால்கள். பனிக்கட்டியின் மேல் நிற்கும் வாத்தின் கால் உறைவதில்லை. காலுக்கு இறங்கும் சூடான இரத்தமும் மேலே ஏறும் குளிர்ந்த இரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் எதிரெதிராக ஓடி வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்கின்றன. பாதத்துக்குப் போய்ச் சேரும் இரத்தம் ஏற்கெனவே ஆறியிருக்கும்; உடம்புக்குத் திரும்பும் இரத்தம் சூடேறியிருக்கும். ஒற்றைக் காலில் நிற்பது அந்த இழப்பையும் பாதியாக்கும் வழி.

இரவுதான் பெரிய சோதனை. ஒரு சிறு குருவி குளிர்கால இரவு ஒன்றில் தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எரித்துத் தீர்த்துவிடும். மறுநாள் பகலுக்குள் அதை ஈடுகட்டியாக வேண்டும். வட அமெரிக்காவின் கருந்தொப்பிப் பட்டாணிக்குருவி குளிர் இரவுகளில் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரிக்கும் மேல் குறைத்துக்கொண்டு செலவைச் சுருக்குகிறது. குளிர் நாடுகளில் வாழும் க்ரவுஸ் என்ற கோழியினப் பறவைகள் சில பனிக்குள் குழி பறித்து உறங்கும். சில குருவிகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும். 1969-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரே கூட்டுப்பெட்டிக்குள் ரென் என்ற சிறு குருவிகள் 61 ஒடுங்கியிருந்தது பதிவாகியிருக்கிறது.

அப்படியென்றால் எவ்வளவு நெருங்கலாம்?

தொலைவைக் கண்ணால் அளப்பதைவிடப் பறவையைப் பாருங்கள். இரை தேடிக்கொண்டிருந்தது தலை தூக்கி உங்களைப் பார்த்தாலே நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். கழுத்தை நீட்டியது, உடலைச் சுருக்கியது, எதிர்ப்பக்கம் நகர்ந்தது என்றால் எல்லையைத் தாண்டியாயிற்று. நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். கோடையில் ஒரு பறவையை எழுப்பிவிட்டால் அது எளிதில் மறந்துவிடும். கடுங்குளிர் நாளில் அந்தப் பறத்தலுக்கான விலையைத் தன் கொழுப்பிலிருந்து கொடுக்கிறது. பறந்த நேரத்தில் தின்னவும் முடியாது.

நான் மிகவும் வலியுறுத்திச் சொல்வது ஓத ஏற்ற நேரத்துக் கடற்கரைகளைப் பற்றி. சேற்றில் இரை தேடும் உள்ளான் வகைகள் தண்ணீர் ஏறும்போது சிறு மேட்டில் கூட்டமாக ஒதுங்கி, தலையைப் பின்னால் செருகி ஓய்வெடுக்கும். அவற்றுக்கு வேறு மேடு பக்கத்தில் இருக்காது. ஒரு படத்துக்காக அந்தக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவது கொடுமை. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் இந்த நாள்களில் அறவே விட்டுவிடுங்கள்.

எந்த நேரத்தில் கிளம்புவது நல்லது?

விடிந்த முதல் இரண்டு மணி நேரமும், இருட்டுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும். இரவில் எரித்ததை மீட்கக் காலையிலும், வரும் இரவுக்குச் சேர்க்க மாலையிலும் பறவைகள் விடாமல் மேயும்.

மழைத் தாரைகளுக்கு இடையே கிடைக்கும் அரைமணி இடைவெளி இன்னொரு நல்ல நேரம். மழை விட்டதும் புதர்களின் மேல்கிளைகளுக்கு வந்து இறகு உலர்த்துவதைப் பார்க்கலாம். அதற்காக மழையின்போதே அங்கே இருக்க வேண்டும்; வீட்டிலிருந்து ஓடிவந்தால் கிடைக்காது.

புயலுக்கு முந்தைய சில மணி நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். காற்றழுத்தம் இறங்குவதைப் பறவைகள் உணர்கின்றன. வெண்கொண்டைச் சிட்டு வகை ஒன்றை வைத்து 2013-ல் வெளியான ஆய்வில், அழுத்தத்தைச் செயற்கையாகக் குறைத்தபோது அவை கூடுதலாக உண்டன. தீனிமேடைகளில் திடீரெனக் கூட்டம் மொய்த்தால் நானும் வானத்தைப் பார்ப்பேன்.

எங்கே தேடுவது?

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு அதற்கு மறைவான பக்கம் எது என்று யோசியுங்கள். குன்றின் பின்சரிவு, வேலியின் அடிப்பகுதி, நாணல் திட்டின் உள்விளிம்பு, அணைக்கரையின் அடிவாரம். மரங்களின் உச்சியைத் தேடிப் பயனில்லை; எல்லாம் கீழே இறங்கியிருக்கும். ஒரு கூட்டம் கண்டுவிட்டால் அங்கேயே நில்லுங்கள், ஏனென்றால் குளிர்காலத்தில் பல இனக் குருவிகள் கலந்தே திரியும். முதலில் தெரிவது பட்டாணிக்குருவியாக இருந்தாலும் பின்னால் வேறு நான்கு இனங்கள் வரக்கூடும்.

துறைமுகமும் கழிமுகமும் கொந்தளிப்பு நாளில் கட்டாயம் பார்க்க வேண்டியவை. காற்றுக்கு ஒதுங்கிய சிறு நீர்த்துறையிலும் கடலுக்குரிய பறவை நீந்திக்கொண்டிருக்கலாம்.

புயல் உண்மையிலேயே பறவைகளைத் தொலைதூரம் தள்ளிக்கொண்டு வருமா?

வரும். 1932-ன் பிற்பகுதியில் லிட்டில் ஆக் எனப்படும் சிறு கடற்பறவைகள் வட அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுக, தெற்கே ஃபுளோரிடா வரை, பெருந்திரளாகக் கரைசேர்ந்தன. ஆர்க்டிக் கடலில் இனம்பெருக்கும் பறவை அது. தெருக்களிலும் வயல்களிலும் விழுந்துகிடந்தன.

எனக்கு இன்னும் பிடித்தது 1927 டிசம்பரில் நடந்தது. ஐரோப்பாவில் கடுங்குளிர் இறங்க, ஆள்காட்டி இனத்தைச் சேர்ந்த நார்தர்ன் லேப்விங் பறவைகள் மேற்கு நோக்கிக் கிளம்பின. வலுவான கீழைக்காற்று அவற்றை அட்லாண்டிக் கடலையே தாண்டவைத்தது. நூற்றுக்கணக்கில் வட அமெரிக்கக் கரையை ஒட்டிய நியூஃபவுண்ட்லாந்து தீவில் இறங்கின. அவற்றில் ஒன்றின் காலில் இருந்த வளையம், அது இங்கிலாந்தில் முந்தைய ஆண்டு குஞ்சாக இருந்தபோது மாட்டப்பட்டது என்று காட்டியது. குளிரிலிருந்து தப்பப் பறந்த பறவை ஒரு கடலைக் கடந்த கதை முழுவதும் அந்த ஒரு வளையத்தால் உறுதியானது.

ஆகவே புயலுக்குப் பின் உள்நாட்டு ஏரிகளை ஒரு சுற்றுப் பாருங்கள். ஆலா, ஸ்குவா, கடற்காகம் என்று அந்த ஏரிக்குச் சம்பந்தமே இல்லாத கடற்பறவைகள் வந்திருக்கலாம்.

கரையில் இருந்தபடி கடற்பறவை பார்ப்பது எப்படி?

கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனை நல்லது. ஆனால் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, முதுகுக்குச் சுவரோ பாறையோ இருக்கும்படி உட்காருங்கள். மிக உயரமான இடம் வேண்டாம். அலைக்கு மேல் தாழப் பறப்பவற்றை உயரத்திலிருந்து பார்த்தால் கடலின் சாம்பல் நிறத்தில் கரைந்துபோகும்.

ஸ்கோப்பை, அதாவது முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கியை, அங்குமிங்கும் திருப்பிக்கொண்டே இருப்பதைவிட, தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திவைத்துப் பறவை அதற்குள் வரட்டும் என்று காத்திருப்பது பலன் தரும். முக்காலியின் கால்களைத் தாழ்த்தி விரியுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும்.

ஷியர்வாட்டர், அல்பட்ராஸ் போன்ற நீண்ட சிறகுக் கடற்பறவைகள் காற்றுக்கு அஞ்சுவதில்லை. அலையை ஒட்டி மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசும் காற்றின் வேறுபாட்டிலிருந்தே விசை பெற்று, சிறகடிக்காமல் வளைந்து வளைந்து பறக்கின்றன. காற்று அடங்கிய நாளில் அதே பறவை தண்ணீரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இது புரியும்.

பைனாகுலர் மங்கிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

முதலில், எட்டு மடங்கு போதும். 8×42 என்றால் எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. விட்டமுள்ள முன்வில்லை. அதில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 42-ஐ 8-ஆல் வகுத்தது, அதாவது 5.25 மி.மீ.; 10×42-ல் 4.2 மி.மீ. மேகம் மூடிய மாலையில் இந்த வித்தியாசம் தெரியும். காற்றில் கை நடுங்கும்போது பத்து மடங்கு உருப்பெருக்கம் நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும்.

வெளிப்பக்கம் மங்குவது உங்கள் மூச்சினால். பார்க்கும்போது மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள். கழுத்துத் துணி மூச்சை மேலே, கண்ணாடிக்குத் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைனாகுலரை மேலங்கிக்குள் வைத்துச் சூடாக்காதீர்கள். சூடான அறையிலிருந்தோ வண்டியிலிருந்தோ வெளியே எடுத்ததும் சில நிமிடம் ஆறவிடுங்கள். உள்பக்கம் மங்கினால் விஷயம் வேறு: நைட்ரஜன் நிரப்பி அடைத்த கருவிகளில் அது நேராது, நேர்ந்தால் அடைப்பு பழுது. மழைத்துளியைச் சட்டை நுனியால் தேய்ப்பது கண்ணாடிப் பூச்சைக் கீறும். உலர்ந்த மென்துணிகள் இரண்டு, ஈரம் படாத பையில் இருக்கட்டும். கடற்காற்றில் உப்பு படிந்திருந்தால் முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, பிறகே துடைக்க வேண்டும்.

உடை?

பல மெல்லிய அடுக்குகள். உடம்போடு ஒட்டும் அடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது, நனைந்தால் காயாது. மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று. நடக்கும்போது சற்றுக் குளிர்வதே சரியான அளவு, வேர்த்துவிட்டு அசையாமல் நின்றால்தான் ஆபத்து. தலைமூடி காதை அடைத்துவிடும் என்பதால் மழை இல்லாதபோது தொப்பி போதும். குவியச் சக்கரத்தைத் திருப்ப விரல்நுனி திறக்கும் கையுறை வேண்டும். பாதத்துக்குத்தான் அதிகக் கவனம் கொடுங்கள். நீண்ட நேரம் நிற்பவர்கள் பாதம் குளிர்ந்துதான் திரும்பிப்போகிறார்கள்.

காற்றில் குரலே கேட்பதில்லை, நிறமும் தெரிவதில்லை. இனம் காண்பது எப்படி?

உருவம், அசைவு, பறக்கும் விதம். வாலாட்டிக் குருவி அலையலையாகப் பறப்பதையும், வேட்டைப்பறவையான பைரியின் கூர்மையான சிறகையும் எந்த வெளிச்சத்திலும் பிரித்தறியலாம். இந்தப் பழக்கத்தை வளர்க்க மோசமான நாளைப் போன்ற ஆசிரியர் கிடையாது.

ஆனால் உருவமும் ஏமாற்றும். சிலிர்த்து உப்பிய பறவை கழுத்தே இல்லாத பருத்த பறவையாகத் தெரியும். நனைந்த பறவை ஒல்லியாகவும் இயல்பைவிடக் கருமையாகவும் தெரியும். பனிமூட்டத்தில் தொலைவைக் கணிக்க முடியாததால் சிறியதும் பெரிதாகத் தோன்றும். பக்கத்தில் தெரிந்த இனம் ஒன்று இருந்தால் அதோடு ஒப்பிட்டு அளவு சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளவைக் குறிப்பில் எழுதாமல் விடுங்கள். "உள்ளான், இனம் தெரியவில்லை" என்று எழுதுவது முழுமையான, மதிப்புள்ள பதிவு. ஊகித்து எழுதிய அரிய பறவையைவிட அதுதான் எனக்கு வேண்டும்.

மோசமான நாளின் கணக்கெடுப்புக்கு மதிப்பு உண்டா?

மிகவும் உண்டு. 1900-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், விடுமுறை வேட்டைக்கு மாற்றாகப் பறவைகளை எண்ணலாம் என்று அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் அழைத்தார். 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. நீர்ப்பறவைகளுக்கான பன்னாட்டுக் கணக்கெடுப்பு 1967 முதல் ஜனவரியில் நடக்கிறது. தெளிந்த நாளில் மட்டும் எண்ணியிருந்தால் இவற்றால் எதையும் ஒப்பிட முடியாது.

பிரிட்டனில் 1962–63 குளிர்காலம் உறைபனியோடு பல வாரம் நீண்டபோது ரென், மீன்கொத்தி போன்றவை பெருமளவில் மடிந்தன. பிறகு சில ஆண்டுகளில் மீண்டன. முன்னும் பின்னும் எண்ணியவர்கள் இருந்ததால்தான் இரண்டும் தெரியவந்தன. பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் பட்டியல் இடும்போது நேரம், தொலைவோடு காற்று, மழை, தெளிவு ஆகியவற்றையும் குறிப்பில் எழுதுங்கள். நான்கே இனம் கண்ட பட்டியலும் பட்டியல்தான், முழுமையாக எழுதியிருந்தால்.

கரையில் சோர்ந்துகிடக்கும் கடற்பறவையைக் கண்டால்?

திரும்பக் கடலில் விடாதீர்கள். நீந்த வலுவில்லாமல்தான் கரைக்கு வந்திருக்கிறது. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டாக, அமைதியாக வைத்து, வனத்துறைக்கோ காட்டுயிர் மீட்பு மையத்துக்கோ உடனே சொல்லுங்கள். வாயில் உணவோ தண்ணீரோ ஊற்ற வேண்டாம். நீளலகுப் பறவைகள் கண்ணைக் குத்தும், முகத்தைத் தள்ளியே வையுங்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக்கிடந்தால் பறவைக்காய்ச்சலாக இருக்கலாம். எதையும் தொடாமல் தகவல் மட்டும் கொடுங்கள். காலில் வளையம் தெரிந்தால் படமெடுத்து எண்ணை அனுப்புங்கள்.

எப்போது நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும்?

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதீர்கள். சேற்றுத்திடலில் நடக்கும் எண்ணமிருந்தால் ஓதம் ஏறும் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள். உறைந்த குளத்தின் மேல் கால் வைக்கவே வேண்டாம்.

உடன் வந்தவர் பேச்சுக் குழறினாலோ, காரணமின்றித் தடுமாறினாலோ, அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தவர் சட்டென நடுங்குவதை நிறுத்தினாலோ உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. காற்றிலிருந்து ஒதுக்கி, ஈர உடையை மாற்றி, போர்த்தி, மருத்துவ உதவிக்கு அழையுங்கள். எந்த அரிய பறவையும் அதற்காகக் காத்திருக்கலாம்.

புயல் கடந்த மறுநாள் போகலாமா?

கட்டாயம். முதல் வெளிச்சத்திலேயே உள்நாட்டு ஏரிக்குப் போங்கள். ஒதுங்கிய கடற்பறவைகள் பலவும் காற்று அடங்கியதும் சில மணி நேரத்தில் கிளம்பிவிடும். குருவிகளோ ஒரு நாள் முழுக்கச் சரியாகத் தின்னாதவை. அன்று உங்களைப் பொருட்படுத்தாமல் மிக அருகில் மேயும். அதைப் பழக்கம் என்று எண்ணி இன்னும் கிட்டே போக வேண்டாம். பசி அவற்றுக்கு வேறு வழி வைக்கவில்லை, அவ்வளவுதான். பத்தடி பின்னே தள்ளி நின்று பார்த்தாலும் பைனாகுலரில் ஒவ்வொரு இறகும் தெரியும்.